மூன்று மணிக்குப் பிறக்கும் ராஜா

தினமும் பிற்பகல் மூன்று மணிக்கு அந்த ராஜா பிறப்பார். மூன்று ஐந்துக்கு, பன்னிரண்டு வயதில், முடிசூடுவார். மூன்று இருபதுக்கு, எண்பது வயதில் இறந்து, ஒன்பது அடுக்குக் கோயிலின் அடியில் ஒரு கல்பெட்டிக்குள் போய்ப் படுப்பார். மூன்று இருபத்தைந்துக்குக் கூட்டம் கைதட்டிவிட்டுக் காப்பி குடிக்கப் போகும். லூசியன் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்பார்.

அது 1985 மார்ச். பாரிஸில் ஆற்றோரத்து அருங்காட்சியகத்தில் மாயா மக்களின் கோயில்களையும் ராஜாக்களின் நினைவுக்கற்களையும் கண்காட்சி வைத்து ஆறு வாரம் ஆகியிருந்தது. ஆளுயரத்தைப் போல் இரண்டு மடங்கு நெடுங்கற்கள், அவற்றில் இறகுக் கிரீடம் வைத்த ராஜாக்கள், அவர்கள் காலடியில் கட்டுண்டு கிடக்கும் கைதிகள். எல்லாம் சுதையில் எடுத்த வார்ப்புகள்தான், ஆனால் தொடக்கூடாது. தொடக்கூடாது என்று சொல்வதுதான் லூசியனின் வேலை. நாளொன்றுக்கு நானூறு முறையாவது சொல்வார்.

கூடத்தின் நடுவில் பலெங்கே என்ற ஊர்க் கோயிலின் மாதிரி ஒன்று, ஒரு பக்கத்தை வெட்டித் திறந்து வைத்திருந்தது. வெளியே செங்குத்தான படிக்கட்டு. உச்சியில் ஐந்து வாசல் வைத்த மண்டபம். அதன் தரையிலிருந்து, கோயிலின் வயிற்றுக்குள், இன்னொரு படிக்கட்டு இருட்டில் இறங்கிப் போய் ராஜாவின் கல்லறையைத் தொடும். முதல் நாள் அந்த மாதிரியைப் பார்த்ததும் லூசியனுக்குத் தோன்றியது ஒன்றுதான்: இதை ஏறி இறங்கியவன் முட்டி என்ன ஆகியிருக்கும்?

அவருடைய முட்டி இரண்டும் போய்விட்டிருந்தன. இருபது வருடமாக நின்ற முட்டிகள். கூடங்களில் காவலர்களுக்கு நாற்காலி உண்டு. ஆனால் கண்காட்சிக்குக் கூட்டம் அலைமோதவே அவற்றை எடுத்துவிட்டார்கள். காவலர் உட்கார்ந்தால் கூட்டம் கயிற்றைத் தாண்டும் என்பது, ஷெஃப் என்று எல்லாரும் அழைக்கும் தலைமைக் காவலரின் கணக்கு. பெப்ரவரியில் வேலையிடத்து வைத்தியர் எக்ஸ்ரே படத்தை விளக்கில் மாட்டிப் பார்த்துவிட்டு, லூசியனையும் அவருடைய பணிக் காகிதங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஐம்பத்தெட்டு வயது என்று போட்டிருக்கிறது. இந்த எலும்புக்கு அதைவிட அதிகம், மொசியே."

"இந்தோசீனாவில் நிறைய நடந்தேன், டாக்டர்" என்றார் லூசியன்.

நடந்தது உண்மை. ஐம்பத்தெட்டுதான் பொய்.

லூசியன் என்பது அவர் தம்பியின் பெயர். புதுச்சேரியில் 1927 ஜனவரி எட்டாம் தேதி, புனித லூசியன் திருநாளில், பிறந்த குழந்தை. எந்தப் புனிதரின் நாளில் பிறக்கிறதோ அந்தப் பெயரை வைப்பது அந்த வீட்டு வழக்கம். பிறப்பை மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், எழுதினார்கள். பதினோராம் மாதம் காய்ச்சலில் குழந்தை போனபோது, கோயிலில் மணியடித்துப் புதைத்ததோடு சரி, இறப்பை எழுத மேரிக்கு யாரும் போகவில்லை. அதனால் அரசாங்கத்தைப் பொறுத்தவரை அந்தக் குழந்தை சாகவேயில்லை.

இருபத்திரண்டு வருடம் கழித்துப் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். இருபத்தைந்துக்கு மேற்பட்டவன் வேண்டாம் என்றார்கள். மூத்தவன் கபிரியேலுக்கு இருபத்தாறு. தகப்பனார் பெட்டியைத் திறந்து தம்பியின் பிறப்புப் பத்திரத்தை எடுத்துக் கொடுத்தார். வரிசையில் கபிரியேலாக நின்றவன் லூசியனாக வெளியே வந்தான். அந்தப் பெயரில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா ஆனான், கப்பலேறினான், இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் குண்டுக்குத் தப்பினான், ரோசாலியைக் கட்டினான். பழைய சொல்தாக்களுக்கென்று ஒதுக்கிய அரசாங்க வேலைகளில் ஒன்றில், 1965-இல் இந்த அருங்காட்சியகத்தில் நீலச் சட்டை போட்டுக்கொண்டான். நாலு வருட இளமை அப்போது லாபமாக இருந்தது. இப்போது அறுபது வயதில் ஓய்வு என்னும்போது அதே நாலு வருடம் முட்டியில் வந்து உட்கார்ந்துகொண்டது.

கபிரியேல் பிறந்தது 1923 மார்ச் 24. சம்மனசானவர் என்னும் தேவதூதர் கபிரியேலின் திருநாள். பிற்பாடு திருச்சபை அந்தத் திருநாளையும் செப்டம்பருக்கு மாற்றிவிட்டது. ஆக, அந்தத் தேதியை வைத்துக்கொண்டிருக்க உலகத்தில் அவரைத் தவிர ஆள் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். இந்தக் கண்காட்சி வந்த முதல் நாள் மூன்று மணிக்கு, விளக்கம் சொல்லும் ஜிஸ்லேன் என்ற இளம்பெண் ராஜாவின் கல்லறை மூடியினுடைய வார்ப்பின் பக்கத்தில் நின்று சத்தமாகச் சொன்னாள்:

"ராஜா பகால் பிறந்தது கி.பி. 603, மார்ச் 24. ஒன்றிரண்டு நாள் முன்பின் இருக்கலாம் என்பவர்கள் உண்டு. ஆனால் கல் தேதி சொல்கிறது. இங்கே இருக்கும் யாராவது மார்ச் 24-இல் பிறந்தவர்களா?"

கூட்டத்தைச் சிரிக்க வைக்கிற கேள்வி. யாரும் கைதூக்கவில்லை. லூசியன் மூடியின் மறுபக்கம் பார்த்துக்கொண்டு, "தொடாதீர்கள், மதாம்" என்றார். யாரும் தொட்டிருக்கவில்லை.

அதற்குப் பின் அவள் சொல்வதைத் தினமும் கேட்டார். முழுதும் மனப்பாடம் ஆயிற்று. ஒரு புள்ளி என்றால் ஒன்று, ஒரு கோடு என்றால் ஐந்து, இருபது சேர்ந்தால் மேல் வரிசைக்கு ஒரு புள்ளி. ஒருநாள் பழைய நுழைவுச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தார். அறுபத்திரண்டை எழுத ஐந்து புள்ளி போதும். ஐம்பத்தெட்டுக்குத்தான் கோடு கோடாக இழுக்கவேண்டியிருந்தது. சீட்டைக் கசக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

கூட்டத்துக்கு மிகவும் பிடித்தது கடைசிப் பகுதி. கல்வெட்டின்படி ராஜா எண்பது வயதில் செத்தார். எலும்பைச் சோதித்தவர்களோ நாற்பது சொச்சம்தான் என்றார்கள். "யார் பொய் சொல்கிறார்கள்?" என்று ஜிஸ்லேன் கேட்பாள். கூட்டம் இரண்டாகப் பிரிந்து கத்தும்.

ஒரு மாலை கூடம் காலியானபின் லூசியன் அவளிடம் கேட்டார். "மதுமுவசேல், நீங்கள் எந்தக் கட்சி?"

"கல்லின் கட்சி. எலும்பை வைத்து வயது சொல்வதில் தப்பு வரும்."

"கல்லில் வேறொருவன் தேதியைப் போட்டிருந்தால்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அதற்கும் இந்த ராஜாக்கள் கெட்டிக்காரர்கள்தான். ஆயிரமாயிரம் வருடம் முன்னே பிறந்த தெய்வத்தின் பிறந்தநாளோடு தங்கள் பிறந்தநாள் பொருந்துகிற மாதிரி கணக்குப் போட்டுச் செதுக்கியிருக்கிறார்கள். ராஜாவை யார் கேட்பது?"

"ராஜாவை யாரும் கேட்கமாட்டார்கள்" என்றார் லூசியன்.

*

அந்த மாதம் அவர் மனம் முழுக்க ஒரு நாற்காலிதான். சிப்பந்திகள் வந்துபோகும் பின்வாசலில் ஒரு கண்ணாடிக் கூண்டு. உள்ளே மெத்தை வைத்த சுழல்நாற்காலி, ஒரு டெலிபோன், காலடியில் மின்சாரக் கணப்பு. அதில் இருந்தவர் மாதக்கடைசியில் ஓய்வு பெறுகிறார். அந்தக் கூண்டு எப்போதும் காவலர்களில் மூத்தவருக்கு. எழுதிவைத்த சட்டம் அல்ல. யார் மனம் கோணினாலும் பிறந்த தேதியோடு யாரும் சண்டைக்குப் போகமுடியாது என்று எப்போதோ ஏற்படுத்திய வழக்கம்.

மூத்தவர் மர்கரீத். 1926 ஜூன். லூசியனைவிட ஏழு மாதம் பெரியவள், காகிதப்படி. நிஜத்தில் மூன்று வயது சின்னவள். அவளும் புதுச்சேரிதான், அதே தெருதான். அல்ஜீரியாவில் செத்த ஒரு சொல்தாவின் விதவை என்ற முறையில் வேலை கிடைத்தவள். அவள் காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கும். வைத்தியரின் சீட்டு அவளிடமும் இருந்தது. லூசியன் யார் என்று அந்தக் கட்டடத்தில் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

வேலை முடிந்து இருவரும் சேர்ந்துதான் திரும்புவார்கள். எத்துவாலில் மெத்ரோ மாறி, லா ஷப்பெலில் இறங்கி, அவள் கார் து நோர் ரயில் நிலையம் போய்ப் புறநகரான ஸ்தேனுக்கு ரயில் பிடிப்பாள். அவர் ரூ பஜோல் தெருவில் ஐந்தாவது மாடிக்கு லிப்டு இல்லாமல் ஏறுவார். சனிக்கிழமைகளில் நடுவே பாலச்சந்திரன் கடை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, முருங்கைக்காயும் கருவேப்பிலையும் விமானத்தில் வரவழைத்து விற்கிறவன்.

மார்ச் 23, சனிக்கிழமை. மர்கரீத் வெங்காயத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "அண்ணே, அந்தப் பையைக் கொஞ்சம் பிடிங்க" என்றாள்.

பாலச்சந்திரன் தராசைப் பிடித்தபடியே சிரித்தான். "அக்கா, குறை நினைக்காதையுங்கோ. போன கிழமை நீங்கள்தானே சொன்னனீங்கள், இவரை விட நீங்கள் மூப்பு, கூண்டு உங்களுக்குத்தான் எண்டு? பிறகேன் அண்ணை எண்டு கூப்பிடுறியள்?"

மர்கரீத் இன்னொரு வெங்காயத்தை எடுத்து அழுத்திப் பார்த்தாள்.

"மரியாதைக்குத்தான்" என்றாள் மர்கரீத்.

"அப்ப சரி. வயசை ஆர் பாக்கினம் இஞ்சை! எனக்கு ஒப்ரா கந்தோரில அகதி அட்டை குடுக்கேக்கை ஜனவரி முதலாந்திகதி எண்டு அடிச்சுப் போட்டாங்கள். பத்திரம் வீட்டோட எரிஞ்சுபோச்சு எண்டு சொன்னன், அவ்வளவுதான். பக்கத்துக் கடைக்காரனுக்கும் ஜனவரி ஒண்டு, முடிவெட்டுறவனுக்கும் ஜனவரி ஒண்டு. வருசப் பிறப்புக்கு முழுத் தெருவும் ஒரே கேக்கை வெட்டலாம்."

"உனக்கு நிஜப் பிறந்தநாள் எப்போ?" என்று கேட்டார் லூசியன்.

"ஐப்பசியில. அம்மா குறிப்பு எழுதி வச்சிருக்கிறா, நாழிகை விநாழிகையோட. அந்தக் குறிப்பைக் கொண்டுபோய் ஒப்ராவில குடுத்தா என்னைப் பிடிச்சு விசர் ஆஸ்பத்திரியில போடுவாங்கள், அண்ணை."

வீட்டில் ரோசாலி வெந்நீரில் உப்புப் போட்டுக் கால்களை வைக்கச் சொன்னாள். "நாளைக்கு உங்க பிறந்தநாள். லீவு போடுங்களேன்."

"ஞாயித்துக்கிழமையா? கூட்டம் நெரியும். ஷெஃப் கொன்னுடுவார்."

"அறுபத்திரண்டு வயசு ஆளை யார் கொல்றது?"

"ஐம்பத்தெட்டு" என்றார் அவர், கண்ணை மூடிக்கொண்டு.

*

ஞாயிற்றுக்கிழமை மழை. மழை பெய்தால் பாரிஸ் முழுவதும் அருங்காட்சியகத்துக்குள் வந்துவிடும். நனைந்த கோட்டுகளின் ஆவியில் கண்ணாடிகள் மங்கின. குழந்தைகள் கயிற்றுக்கடியில் நுழைந்தன. காலையிலிருந்து லூசியன் உட்காரவில்லை. இரண்டு மணிக்குமேல் கால்களே தெரியவில்லை, இடுப்புக்குக் கீழே இரண்டு நெடுங்கற்களை நட்டுவைத்தது போல் இருந்தது. மூன்று மணிக்கு ஜிஸ்லேன் ஒரு ஸ்டூலின்மேல் ஏறினாள். தலைமைக் காவலர் லோறன்ஸ் கூட்டத்தைச் சமாளிக்க வாசலில் வந்து நின்றார்.

"கி.பி. 603, மார்ச் 24. இன்றைக்கு ராஜாவுக்குப் பிறந்தநாள், தெரியுமா? இன்று பிறந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?"

லூசியன் கையைத் தூக்கினார்.

தூக்கவேண்டுமென்று நினைத்துத் தூக்கவில்லை. நாற்பது நாளாகக் கேட்ட கேள்வி. களைப்பில் கை தானாகப் போய்விட்டது. பட்டாளத்தில் பெயர் கூப்பிட்டால் தூக்கத்திலும் "ஆஜர்" என்று எழும்புவார்களே, அந்த மாதிரி. நூறு முகங்கள் திரும்பின. நீலச் சட்டைக் காவலர் கைதூக்கியதைக் கண்டு சிரிப்பும் கைதட்டலும். ஒரு சிறுமி, "ராஜா! ராஜா!" என்று குதித்தாள்.

லோறன்ஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "என்ன லூசியன்? உங்களுக்கு ஜனவரி அல்லவா? மூன்று ராஜாக்கள் திருநாள் கேக்கில் மீந்த துண்டை வருடாவருடம் உங்களுக்குத்தானே கொடுக்கிறோம்?"

லூசியன் தூக்கிய கையை இறக்கிக்கொண்டார். கூடத்தின் மறுகோடியில் நின்ற மர்கரீத், தன் இடத்தை விட்டு, வலிக்கிற காலை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"ஞானஸ்நானம் பெற்ற நாள், ஷெஃப். எங்கள் ஊரில் அதைத்தான் கொண்டாடுவோம்."

"அப்படியானால் உங்கள் ஊரில் ஆளுக்கு இரண்டு பிறந்தநாளா?"

"சிலருக்கு" என்றாள் மர்கரீத்.

லோறன்ஸ் சிரித்தார். லூசியனின் தோளைத் தட்டினார். ஆனால் போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தார். ஜிஸ்லேன் ஸ்டூலின்மேல் நின்றபடி லூசியனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று எலும்பு பொய்யா, கல் பொய்யா என்று அவள் கூட்டத்தைக் கேட்கவில்லை. நேராகக் கல்லறை மூடிக்குப் போய்விட்டாள்.

*

மெத்ரோவில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு இருவரும் நின்றார்கள். இரண்டு நிலையம் தாண்டின. பிறகு மர்கரீத்தான் ஆரம்பித்தாள்.

"சொல்லிடுங்க அண்ணே. வெள்ளிக்கிழமை ஷெஃப் மூப்புப் பட்டியல் வாசிக்கறாரு. அதுக்கு முன்னாடி நான்தான் மூத்தவன்னு சொல்லிடுங்க. நான் சாட்சி. ஆத்துமாக்கள் திருநாளன்னிக்கு உங்க அம்மாகூட கல்லறைக்குப் போயிருக்கேன். சின்னச் சிலுவையில லூசியன்னு எழுதியிருக்கும். மெழுகுதிரி ஏத்தி வச்சது நான்தான்."

"சொன்னா?"

"நாற்காலி உங்களுக்கு."

"அதுல யாரு உக்கார்றது? கபிரியேல் பட்டாளத்துக்குப் போகலே. கபிரியேலுக்கு இந்த நாட்டுல பப்பியேன்னு ஒரு காகிதமும் கிடையாது. அவன் ரோசாலியைக் கட்டலே. நாற்காலியைக் கொடுத்துட்டு மிச்சம் எல்லாத்தையும் பிடுங்கிப்பாங்க, மர்கரீத்."

"தெரியுதில்லே? அப்புறம் ஒரு மாசமா என்னை எதுக்கு அப்படிப் பாக்கறீங்க?"

"எப்படிப் பாத்தேன்?"

"உங்க நாற்காலியை நான் திருடிட்டுப் போறாப்பலே! என் வயசு என் வயசு. நான் யார்கிட்டேயும் இரவல் வாங்கலே. என் காலும் என் கால்தான், பாருங்க." ரயில் ஆடிய ஆட்டத்தில் அவள் கம்பியை இறுக்கிப் பிடித்தாள். "முப்பத்தாறு வருசமா வாயைத் திறக்காம இருக்கேன். இன்னிக்கு அந்தக் கூட்டத்துல பொய்யும் சொல்லிட்டேன். இன்னும் என்னா செய்யணும்? நாற்காலி வேணாம்னு எழுதிக் கொடுக்கணுமா?"

அவர் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வாயால் கேட்டபிறகுதான் அவருக்கே அது தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

"வேணாம்" என்றார். "நீ உக்காரு."

லா ஷப்பெலில் ரயில் நின்றது. மேலே தூண்களில் நிற்கிற நிலையம், இறங்குவதற்கும் படிதான். கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இருவரும் இறங்கினார்கள். கீழே வந்ததும் அவள், "பிறந்தநாள் வாழ்த்து, கபிரியேல் அண்ணே" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கார் து நோர் பக்கம் நடந்தாள்.

*

வெள்ளிக்கிழமை காலை, கதவு திறப்பதற்கு முன், காவலர்கள் எல்லாரும் கல்லறை மூடியைச் சுற்றி நின்றார்கள். லோறன்ஸ் தாளை எடுத்தார். "மர்கரீத், 1926 ஜூன். அடுத்து லூசியன், 1927 ஜனவரி." தாளிலிருந்து நிமிர்ந்து லூசியனைப் பார்த்தார். "ஆட்சேபம் உள்ளவர்கள் கை தூக்கலாம்."

லூசியன் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். பணியில் இருக்கும்போது பைக்குள் கைவிடக்கூடாது என்பது சட்டம். லோறன்ஸ் அதைப் பார்த்தார். தாளை மடித்துவைத்தார். மர்கரீத் சாவியை வாங்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், பின்வாசலுக்குப் போனாள்.

அவளுக்கு ஓய்வு அடுத்த வருடம் ஜூனில். பிறகு தனக்கு ஏழு மாதம் கிடைக்கும். அதுவரை பதினைந்து மாதம் நிற்கவேண்டும். லூசியன் மனதுக்குள் புள்ளியும் கோடுமாக அதைப் போட்டுப் பார்த்தார். பதினைந்துக்கு மூன்று கோடு. ஒன்றன்மேல் ஒன்றாக, படிக்கட்டு மாதிரி இருந்தது.

அன்று பிற்பகல் மூன்று மணிக்குச் சற்று முன்னே கூடத்து டெலிபோன் அடித்தது. கூண்டில் இருப்பவர் காப்பிக்குப் போகையில் இருபது நிமிடம் வேறொருவர் உட்காரவேண்டும். யார் வரவேண்டும் என்று சொல்வது கூண்டுக்காரரின் உரிமை.

"லூசியனை அனுப்பச் சொல்கிறாள்" என்றான் டெலிபோனை எடுத்தவன்.

அவர் போகத் திரும்பும்போது ஜிஸ்லேன் பேச ஆரம்பித்திருந்தாள். கி.பி. 603, மார்ச் 24 என்றாள். மூச்சுவிட்டாள். யாராவது இருக்கிறீர்களா என்று கேட்காமல் அடுத்த வாக்கியத்துக்குப் போனாள்.

மர்கரீத் கூண்டுக்கு வெளியே பையோடு நின்றிருந்தாள். "இருபது நிமிஷம். ஒரு நிமிஷம் கூடினாலும் பிறந்த தேதி கேப்பேன்."

"எந்தத் தேதி?"

"வாயைப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நாற்காலி அவள் உயரத்துக்கு இறக்கியிருந்தது. அவர் அதை மாற்றவில்லை. உட்கார்ந்ததும் முதுகிலிருந்து ஏதோ கழன்று விழுந்த மாதிரி இருந்தது. கணப்பைப் போட்டார். கொஞ்ச நேரம் டெலிபோனையே பார்த்தார், அது அடிக்கவில்லை. பிறகு குனிந்து, சப்பாத்துக் கயிறுகளை அவிழ்த்து, இரண்டு சப்பாத்துகளையும் கழற்றிவைத்தார். அருங்காட்சியகத்தில் இருபது வருடத்தில் முதல் தடவை.

கண்ணாடியைத் தட்டும் சத்தம் கேட்டு விழித்தார். மர்கரீத், கையில் காகிதக் கோப்பையோடு. அவசரமாகச் சப்பாத்தை இழுத்தார். கால் வீங்கிவிட்டிருந்தது, உள்ளே போகவில்லை. மற்றதை முயன்றார். அதுவும் போகவில்லை.

"இன்னும் ரெண்டு நிமிஷம்" என்று கண்ணாடி வழியாகச் சைகை காட்டினார்.

அவள் மணிக்கட்டைப் பார்த்தாள். அவர் கால்களைப் பார்த்தாள். பிறகு சுவரில் சாய்ந்து, வலிக்கிற காலை மற்றக் காலின்மேல் தூக்கி வைத்துக்கொண்டு, காப்பியை மெல்ல மெல்லக் குடிக்கத் தொடங்கினாள்.